விசிட்டர் ஸ்டேட்டஸ் போனாலும் கணவன் மனைவிக்கு வழி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து விசிட்டர் விசாவில் கனடா போனவர்கள், அங்கே குடியுரிமையோ, பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ உள்ளவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது உண்டு. டொரன்டோ பக்கத்து ஈழத்தமிழ்க் குடும்பங்களோடு நம் டெல்டா வீடுகள் சம்பந்தம் வைத்துக்கொள்வதும் உண்டு. ஒருநாள், தங்கும் காலம் முடிந்துபோனது தெரிகிறது. இங்கே பெற்றவர்களுக்குத் தூக்கம் போகிறது. "உடனே கிளம்பி வந்துவிடு" என்கிறார் ஒருவர், "அகதி என்று எழுதிக் கொடு" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கும் யோசனைகள். வெளிநாட்டு ஆவண வேலையிலேயே புழங்குகிற நாங்கள், பதற்றத்தில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் தேதியைச் சரியாகப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா பல வருடத்துக்கு இருக்கலாம். அது உள்ளே நுழைவதற்கான அனுமதி மட்டுமே, தங்கும் காலத்தைச் சொல்வதல்ல. விமான நிலைய அதிகாரி முத்திரையோடு ஒரு தேதியைக் கையால் எழுதியிருந்தால் அதுவே கடைசி நாள். விசிட்டர் ரெக்கார்டு என்ற தனிக் காகிதம் கொடுத்திருந்தால் அதிலுள்ள தேதி. எதுவுமே இல்லையென்றால் நுழைந்த நாளிலிருந்து 6 மாதம். இயந்திரத்தில் பதிந்துவிட்டு உள்ளே போனவர்களுக்கு முத்திரை இல்லாமலும் போகும். ஆகவே நுழைந்த நாளுக்குச் சான்றாகப் போர்டிங் பாஸை வைத்திருக்க வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெற்றோருக்குக் கிடைக்கும் சூப்பர் விசாவின் 5 வருடக் கணக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கணவன் மனைவிக்கு அது பொருந்தாது.

கெடு முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர், பதில் வரும்வரை சட்டப்படி இருப்பவர்தான். அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி தங்கும் நிலை, அன்றோடு போகிறது. விண்ணப்பமே போடாதவருக்குக் கெடு முடிந்த நாளோடு போகிறது. இரண்டிலும் அதற்குப் பிறகு 90 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஸ்டேட்டஸை மீட்டுத் தரச் சொல்லி ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நீட்டிப்புக்கு உள்ள அதே விசிட்டர் படிவம்தான், கட்டணம் மட்டும் கூடுதல். ஏன் காலம் தவறியது, இனி எவ்வளவு நாள் தங்க வேண்டும், செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்பதை ஆதாரத்தோடு எழுத வேண்டும். "தெரியாமல் விட்டுவிட்டேன்" என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்து அனுப்பினால் நிராகரிக்க வசதியாகிவிடும். கணவரோ மனைவியோ ஸ்பான்சர் செய்யப்போவதை, அதாவது பொறுப்பேற்று பி.ஆர். கேட்கப்போவதை, மறைக்கவும் வேண்டாம். தற்காலிகமாக இருந்துகொண்டே நிரந்தரமாகக் குடியேற விரும்புவதை அந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. 91ஆம் நாள் இந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். உணவகத்திலோ கடையிலோ கைக்காசுக்கு வேலை பார்த்திருந்தால், 90 நாளுக்குள் போட்டாலும் சிக்கல்தான். விசிட்டருக்குரிய மற்ற நிபந்தனைகளை மீறாதவருக்கே மீட்டுத் தருவார்கள்.

90 நாளும் கடந்துவிட்டதே என்று அழுகிறவர்கள்தான் அடுத்த வழியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவுக்குள் ஸ்பான்சரோடு ஒரே வீட்டில் வாழும் கணவன் அல்லது மனைவி, நாட்டுக்குள் இருந்தபடியே பி.ஆருக்கு விண்ணப்பிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. செல்லுபடியாகும் ஸ்டேட்டஸ் வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் 2005 பிப்ரவரியில் கொண்டுவந்த பொதுக்கொள்கைப்படி, காலம் கடந்து தங்கியதையும் அனுமதியில்லாமல் வேலை செய்ததையும் இவர்களுக்கு மட்டும் தடையாக எடுத்துக்கொள்வதில்லை. குற்ற வழக்கு, போலி ஆவணம், பொய்த் தகவல், நாடு கடத்தப்பட்ட பின் அனுமதியின்றித் திரும்பி வந்தது ஆகியவற்றுக்கு மன்னிப்பு இல்லை. பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை. திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் தொடர்ந்து 12 மாதம் ஒரே வீட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். போனில் பேசிய மாதங்கள் அதில் சேராது.

கல்யாணத்தைக் கனடாவிலேயே முடிக்கவும் தடையில்லை. டொரன்டோ உள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் நகராட்சியில் வாங்கும் திருமண லைசென்ஸ் 90 நாளைக்குச் செல்லும். விசா நிலையை அதற்கு நிபந்தனையாக வைப்பதில்லை. இந்தியாவில் விவாகரத்து ஆனவருக்கு மட்டும் மாகாணப் பதிவாளரின் முன் அனுமதி வேண்டும், அதற்கு வழக்கறிஞரின் கருத்துக் கடிதமும் வேண்டும். மாப்பிள்ளை ஸ்கார்பரோவில், பெண் திருவாரூரில் என்று வீடியோவில் நடத்தும் கல்யாணத்தைக் குடியேற்றத் துறை ஏற்காது. 2015 ஜூன் முதல், தம்பதி இருவரும் நேரில் இருந்து நடந்த திருமணம்தான் கணக்கு.

ஸ்பான்சர் செய்கிறவர் 18 வயது நிரம்பிய குடிமகனாகவோ பி.ஆராகவோ இருக்க வேண்டும். ஊனத்துக்காக அல்லாமல் அரசு உதவித்தொகை வாங்குகிறவரும், திவாலாகி இன்னும் விடுபடாதவரும் முடியாது. அவரே கணவன் அல்லது மனைவியின் ஸ்பான்சரில் பி.ஆர். ஆனவர் என்றால் 5 வருடம் கழிய வேண்டும். துணையை மட்டும் ஸ்பான்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் பொதுவாகக் கேட்பதில்லை, ஆனால் 3 வருடம் பராமரிப்பேன் என்று எழுதித் தர வேண்டும். கட்டணங்களெல்லாம் சேர்ந்து 1,200 கனடா டாலருக்கு மேல் வரும், கைரேகைக்கு 85 டாலர் தனி. கியூபெக் மாகாணத்தில் வசிப்பவர்களுக்கு அந்த மாகாணத்தின் நடைமுறை தனியாக உண்டு.

இனி நம் ஊரிலிருந்து போக வேண்டிய காகிதங்கள். கோப்பு அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கோயிலில் தாலி கட்டிய ரசீது திருமணச் சான்றிதழ் ஆகாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டின் 2009ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்துவிடுவது நல்லது. அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கல்யாணச் சான்றிதழில் "ச." என்று நிற்கும், பள்ளிச் சான்றிதழில் "எஸ்." என்றிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக் கோப்போடு வைத்தால் பின்னால் கேள்வி வராது. தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். அண்ணனோ சித்தப்பாவோ நல்ல ஆங்கிலம் தெரிந்தவராக இருந்தாலும் அவர் செய்தது செல்லாது.

போலீஸ் சான்றிதழிலும் கோப்பு தடுமாறும். கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொதுவாக வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இந்தியச் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கோப்பு முடிந்தது என்று நினைத்தால், வேலை பார்த்த அந்த நாட்டின் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நின்றுபோகலாம்.

உறவு உண்மையானதுதானா என்று பார்க்க ஒரு நீண்ட கேள்விப் படிவம் உண்டு. யார் யார் கல்யாணத்துக்கு வந்தார்கள் என்றும் அதில் கேட்பார்கள். சாதி மறுத்துக் கட்டிக்கொண்டதால் பெற்றோர் வராத கல்யாணம் என்றால் அதை உள்ளபடியே எழுத வேண்டும். யாரோ ஒருவரை அப்பா இடத்தில் நிற்க வைத்து எடுத்த படம் கோப்பையே கவிழ்த்துவிடும். முதல் கல்யாணம் முறிந்தவர்கள், பஞ்சாயத்தில் பேசி முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதை நம்பிப் போகாமல் நீதிமன்றத் தீர்ப்பின் நகலை எடுக்க வேண்டும். முதல் தாரத்துக் குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது என்பதற்காக அதன் பெயரை விட்டுவிட்டால், பிறகு அந்தக் குழந்தையை ஸ்பான்சர் செய்து அழைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். கூட வராத பிள்ளையானாலும் பெயரை எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம்.

விண்ணப்பித்துவிட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். ஸ்டேட்டஸ் உள்ளவர்களும், 90 நாளுக்குள் மீட்பு விண்ணப்பம் போட்டவர்களும், ஸ்பான்சர் விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதம் வந்ததும், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க விடும் ஓபன் வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டேட்டஸ் முற்றிலும் இல்லாதவர்கள் முதல் கட்ட ஒப்புதல் வரும்வரை பொறுக்க வேண்டும். பெர்மிட் கைக்கு வராமல் யாரும் வேலைக்குப் போகக் கூடாது.

அவசரப்பட்டு விமானம் ஏறினால், அங்கே சேர்ந்து வாழ்வதை அடிப்படையாகக் கொண்ட உள்நாட்டு விண்ணப்பம் ஆட்டம் கண்டுவிடும், திரும்பி வரப் புது விசாவும் தேவைப்படலாம். ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றால் வெளிநாட்டிலிருந்து போடும் பிரிவில் விண்ணப்பிப்பது மேல். அது நிராகரிக்கப்பட்டால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உள்நாட்டுப் பிரிவில் மேல்முறையீடு இல்லை, 15 நாளுக்குள் பெடரல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வெளியேற்ற உத்தரவு கையில் இருந்தால் கணக்கே வேறு. டிபார்ச்சர் ஆர்டர் என்ற வகை உத்தரவென்றால் 30 நாளுக்குள் வெளியேறி, எல்லை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். பதியாமல் போனால் அது நாடு கடத்தல் உத்தரவாக மாறிவிடும். ஆபத்து எதுவும் இல்லாதவர் அகதிக் கோரிக்கை எழுதிக் கொடுத்தால், நிபந்தனையோடு கூடிய வெளியேற்ற உத்தரவு உடன் வரும். பொய்க் கதையும் நிரந்தரமாகப் பதிவில் நிற்கும்.

கடைசியாக ஏஜென்ட். கனடா விண்ணப்பத்தைக் கூலி வாங்கிக்கொண்டு செய்துதர அந்நாட்டு வழக்கறிஞர்கள், ஒன்டாரியோவின் உரிமம் பெற்ற பாராலீகல் எனும் சட்டப் பணியாளர்கள், கியூபெக் நோட்டரிகள், குடியேற்றக் கன்சல்டன்ட்டுகளை நெறிப்படுத்தும் 'காலேஜ்' என்ற அமைப்பில் பதிந்தவர்கள் ஆகியோருக்குத்தான் உரிமை. அந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ட்ராவல்ஸில் கொடுத்த கோப்புகளில், விண்ணப்பதாரரின் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் ஏஜென்ட்டின் மின்னஞ்சல் இருக்கும். கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் அவருக்குப் போய், நாள் கடந்து, விண்ணப்பம் தள்ளுபடியானது குடும்பத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல் என்று எழுதச் சொல்லுங்கள், அனுப்பியதன் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அரசின் அயலகத் தமிழர் நலத் துறை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதற்கென வழிகாட்டு முகாம்கள் நடத்த வேண்டும். உரிம எண் இல்லாத விசா விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் வாங்காமல் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெளிநாட்டு ஆவண உதவிப் பணி செய்வோர்,
கும்பகோணம்.