முரளிக்கு, பால் இல்லாத சூப் பற்றி

அன்புள்ள முரளி,

உன் மெயிலுக்கு நான் பதில் போடலைன்னு வாசுகிட்ட புலம்பினியாம். அவன் கொஞ்சம் கண், காது, மூக்கு வச்சு எனக்குச் சொல்லிட்டான். சரி, திட்டினது போதும். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவோட முட்டி வலி அப்படியேதான் இருக்கு. சின்னவன் பரீட்சை முடிச்சிட்டான், எப்படி எழுதினான்னு நானும் கேட்கலை, நீயும் கேட்காதே.

விஷயம் என்னன்னா, உமாவுக்குப் பால் ஒத்துக்கிறதில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். பால் சேர்ந்தது எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கிட்டு ராத்திரி முழுக்கப் படுத்தும். பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரையை உடைக்கச் சிறுகுடல்ல ஒரு நொதி வேணும். வயசு ஏற ஏற நிறையப் பேருக்கு அது குறைஞ்சிடுது. உடையாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்கி, அங்க பாக்டீரியா கையில மாட்டிப் புளிச்சு வாயுவாகுது. இதையெல்லாம் அவ அமைதியா கேட்டுக்கிட்டா. ஆனா சாயங்காலம் குடிக்கிற க்ரீம் சூப் போச்சேன்னுதான் துக்கம். "க்ரீம் இல்லாத சூப்னா அது காய் வெந்த தண்ணி"ன்னு ஒரே போடு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சமையலறைக்குள்ள போயிட்டேன்.

சிரிக்காதே. ஹாஸ்டல் குக்கர் மூடி விவகாரத்துல பாதிப் பங்கு உன்னுது.

முதல்ல ஒண்ணை யோசிச்சேன். க்ரீம் சூப்ல என்னதான் பண்ணுது? கொழுப்பு தருது, திடம் தருது, காயோட காரத்தையும் கசப்பையும் மழுக்கி லேசா இனிக்க வைக்குது. அவ்வளவுதான்டா. இந்த மூணுக்கும் பசு வேண்டியதே இல்லை. இது புரிஞ்சப்புறம், க்ரீம் மாதிரியே இருக்குன்னு டப்பாவுல அடைச்சு விக்கிற எதையும் நான் வாங்கலை.

பாதி வேலை வெங்காயத்துலயே முடிஞ்சுடுது. பெரிய வெங்காயம் ஒண்ணைப் பொடியா நறுக்கி, மூணு ஸ்பூன் எண்ணெயில, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, மூடி வச்சு, சின்னத் தீயில கால் மணி நேரம். சிவக்கக் கூடாது. உப்பு அதுல இருக்கிற தண்ணியை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணியிலேயே அது வேகும். முதல்ல கண்ணு எரியும், அப்புறம் அந்தக் காட்டம் அடங்கி ஒரு இனிப்பு வாசம் வரும். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியால அழுத்தினா மசியணும். "இவ்வளவு நேரம் ஒரு வெங்காயத்துக்கா"ன்னு உமா எட்டிப் பார்த்துக் கேட்டா. நீயும் கேட்பே. நீ எதையும் பெரிய தீயில வச்சு முடிக்கிற ஆள், வாழ்க்கை உட்பட.

அப்புறம் அரை கிலோ காலிஃப்ளவர், சின்ன உருளைக்கிழங்கு ஒண்ணு, முக்கால் லிட்டர் தண்ணி. கத்தி நுழையுற பதம் வந்ததும் அடுப்பை அணைச்சு, ஆறினதும் மிக்ஸியில அரைச்சிடணும். ரொம்ப நேரம் கொதிக்க விட்டா காலிஃப்ளவர்ல இருக்கிற கந்தகச் சேர்மம் வீடு முழுக்க நாறும். முப்பது கிராம் முந்திரியை அதுக்கு முன்னாடியே சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு, தனியா வெண்ணெய் மாதிரி அரைச்சு வச்சுக்கோ. கடைசியில கலந்து ரெண்டு நிமிஷம் சூடு பண்ணா சூப் தானா திடமாகும். முந்திரியில கொழுப்பும் இருக்கு, மாவுச்சத்தும் இருக்கு. தேங்காய்ப்பாலும் ஊத்தலாம், ஆனா அது வந்தா அது ராஜ்ஜியம்தான், காய் வாயே திறக்காது. பரங்கிக்காய்க்கு மட்டும் சரியா வரும். அதையும் தீயைக் குறைச்சப்புறம் ஊத்து, தளதளன்னு கொதிச்சா திரிஞ்ச மாதிரி பிரிஞ்சு நிக்கும்.

அரைக்கிறதுல ரெண்டு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு அதிகம் போட்டு நேரம் போறது தெரியாம மிக்ஸியை ஓட்டினா, மாவுச்சத்து வெளிய வந்து சூப் பசையாயிடும், போஸ்டர் ஒட்டலாம். அடுத்தது, சுடச்சுட ஊத்தி மூடியை இறுக்கி ஓட்டாதே. ஆற விட்டு, ஜார்ல பாதிக்கும் கீழே ஊத்தி அரை. உள்ள சேர்ற நீராவி மூடியைத் தூக்கி அடிச்சிடும். மூடி பறக்கிறது உனக்குப் புதுசில்லைதான்.

கடைசியா உப்பைச் சரி பார்த்துட்டு, அடுப்பை விட்டு இறக்கி அரை மூடி எலுமிச்சை. பல சூப் சப்புன்னு இருக்கிறதுக்கு உப்பு காரணமே இல்லை, புளிப்பு இல்லாததுதான். இன்னும் ஆழம் வேணும்னா காய்ஞ்ச காளான் ரெண்டு மூணை ஊற வச்ச தண்ணியை வடிகட்டி ஊத்து. சீஸ் தர்ற அந்தச் சுவையில பெரும்பங்கு குளுட்டமேட்ங்கிற ஒரு பொருளோடது, காளானும் தக்காளியும் அதைத் தருது.

உமா குடிச்சிட்டு என்ன சொன்னான்னு கேட்கிறியா? "மிளகு கம்மி"ன்னா. கிண்ணம் காலி. வேற பாராட்டை எங்க வீட்டுல எதிர்பார்க்கக் கூடாது.

இப்போ விளையாட்டை விட்டுட்டுக் கேளு. உன் தங்கச்சி பையனுக்குப் பால் அலர்ஜின்னு எழுதியிருந்தே, அவனுக்கும் இதையே பண்ணித் தரலாமான்னு இப்போ கேட்பே. அவனோடது உமா மாதிரி இல்லைடா. உமாவுக்குச் சர்க்கரைதான் பிரச்சினை, கொஞ்சம் உள்ள போனா வயிறு கஷ்டப்படும், அவ்வளவுதான். அவனுக்குப் பால்ல இருக்கிற புரதம் ஆகாது. லாக்டோஸ் நீக்கின பால்லயும் அந்தப் புரதம் முழுசா இருக்கு. வெண்ணெயும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். சூப் பாக்கெட், சூப்புக்குக் கரைக்கிற க்யூப் எதை வாங்கினாலும் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படி. மோர்ப்புரதம், வே, கேசீன், பால் திடப்பொருள்னு பல பேர்ல ஒளிஞ்சிருக்கும். உங்களுக்குக் க்ரீம் கலக்கின கரண்டியால அவன் சூப்பைத் தொடாதே. முந்திரியும் சில குழந்தைகளுக்கு அலர்ஜி, டாக்டர்கிட்ட கேட்காம அவனுக்குப் போடாதே. காலிஃப்ளவரும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் போதும், திடம் வந்துடும். என்னிக்காவது உதடு வீங்கி மூச்சு இழுத்தா, வீட்டு வைத்தியம்னு உட்காராம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் தங்கச்சி இதையெல்லாம் தெரிஞ்சு வச்சிருப்பா. நீதான் மாமான்னு செல்லம் கொடுக்கிற ஆள், அதனால உனக்கு எழுதுறேன்.

மீதி சூப்பை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடு, மூணு நாள் தாங்கும். மறுநாள் கெட்டியாயிருக்கும், சுடுதண்ணி விட்டுக்கோ.

வேலை மாத்துற விஷயத்துல என்ன முடிவு பண்ணே? அதை மட்டும் ஒரு வரியில தாண்டிட்டே. வாசுவும் அதையேதான் கேட்டான். இந்தத் தடவை அவனுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு எழுது.

அன்புடன்,
கணேசன்