கணித வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பகா எண்கள் பற்றி ஓர் உரையும் மாணவர்களுக்கு ஒரு புதிர்ப் போட்டியும் நடத்தினோம்.

என் நேரம் பெரும்பாலும், எண்களை இரண்டு வரிசைகளாகப் பிரித்து நிறத்தால் காட்டும் சுவர் வரைபடத்துக்கே போனது. "இதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று சிலர் கேட்டதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

√2ஐ 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால் 1, 2, 4, 5, 7, 8, 9, 11 என்று வரும். 2+√2க்கு அதையே செய்தால் 3, 6, 10, 13, 17. முதல் வரிசை விட்டதையெல்லாம் இரண்டாவது எடுத்துக்கொள்கிறது. எந்த எண்ணும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது. எடுக்கும் இரண்டும் விகிதமுறா (பின்னமாக எழுத முடியாத) நேர் எண்களாக, தலைகீழிகளின் கூடுதல் 1 ஆக இருந்தால் போதும். கணிதவியலர் சாமுவேல் பீட்டி 1926இல் இதைக் கணக்காகக் கொடுத்தார். இயற்பியலாளர் ரேலி பிரபு 1894இலேயே தன் ஒலியியல் நூலில் சொல்லியிருந்தார்.

1 முதல் 500 வரை வரிசைக்கு ஒரு நிறமாக நீலம், சிவப்பு என்று கையால் தீட்ட, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தேன். எல்லாம் வந்து சேர்ந்தபோது 139க்கு இரண்டு நிறம், 140 வெறுமையாக இருந்தது. தேற்றமே தவறு என்றுகூட ஒருவர் சொன்னார். இரண்டு மாலை உட்கார்ந்து தேடினேன். அந்தப் பகுதியில் √2க்குப் பதில் 1.414 போட்டிருந்தார்கள். 99ஐ அதனால் பெருக்கினால் 139.986; உண்மையில் 140.007. 98 வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. யாரையும் குறை சொல்லவில்லை. விகிதமுறா எண் ஏன் அவசியம் என்பதை இந்தப் பிழையைவிட நன்றாக எதுவும் காட்டியிருக்காது.

இந்தத் தேற்றத்தின் நிறுவலை விளக்கும் கூட்டத்துக்கு மூன்று முறை அறிவிப்பு அனுப்பினேன். வந்தவர்கள் ஐந்து பேர். வராதவர்களுக்காக இங்கேயே எழுதுகிறேன். N என்ற எண்ணுக்குக் கீழே முதல் வரிசையில் எத்தனை உறுப்புகள்? Nஐ முதல் எண்ணால் (இங்கே √2) வகுத்துப் பின்னத்தை வெட்டினால் வருவது. இரண்டாவதுக்கும் அப்படியே. தலைகீழிகளின் கூடுதல் 1 என்பதால், வெட்டுவதற்கு முன் இரண்டு ஈவுகளின் கூடுதல் சரியாக N. ஈவு எதுவும் முழு எண் ஆகாததால் ஒவ்வொன்றிலும் வெட்டுப்படுவது 0க்கு மேல், 1க்குக் கீழ். ஆக மொத்தம் N−2க்கும் Nக்கும் நடுவே, அதாவது N−1. N ஒன்று கூடினால் உறுப்பும் ஒன்றே கூடும். அவ்வளவுதான்! இதற்கு ஒரு மாலை ஒதுக்கியிருக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தாளில் காணலாம். கையிருப்பு இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. பாதிப் பேருக்கு மேல் சந்தா நிலுவை. நினைவூட்டிக் கடிதம் எழுத எனக்கே கூச்சமாகிவிட்டது.

இடம் தந்தவர்களுக்கும், நிறம் தீட்டியவர்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

இதே முறையில் மூன்று வரிசைகளாகப் பிரிக்க முடியாதா என்று ஓர் இளம் உறுப்பினர் கேட்டார். முடியாது என்று 1927இல் கணிதவியலர் உஸ்பென்ஸ்கி நிறுவிவிட்டார். அந்த நிறுவலை வரும் ஆண்டு பார்க்க ஆசை. அப்புறம் 1907இல் கணிதவியலர் வைத்தாஃப் சொன்ன இரண்டு குவியல் ஆட்டம். அதில் ஆடவேண்டியவர் தோற்கும் நிலைகள், இரண்டு குவியல்களிலும் உள்ள காய்களின் எண்ணிக்கையாகச் சொன்னால், (1, 2), (3, 5), (4, 7), (6, 10) என்று போகும். தங்க விகிதமும் (சுமார் 1.618) அதன் வர்க்கமும் தரும் இரண்டு வரிசைகள்தான் இவை. ஆடிப் பார்க்கக் காய்கள் வேண்டும். இப்போதைய கையிருப்பில் அது சிரமம், நிலுவை வந்தால் முடியும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தாலும் மகிழ்ச்சியே. கோப்புகளையும் வரைபடத்தையும் ஒப்படைத்துவிடுகிறேன், 501இலிருந்து அவர் தொடரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்