மரபணுப் பக்கத்தில் கொஞ்சம் சிரிப்புக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரபணு என்றாலே நம் நாளிதழ்களில் ஒன்று புற்றுநோய்ச் செய்தி, இல்லாவிட்டால் டிஎன்ஏ சோதனையில் சிக்கிய குற்றவாளி, அதுவும் இல்லையென்றால் மரபணு மாற்றிய பி.டி. பருத்திச் சண்டை. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வாய்விட்டுச் சிரிக்க இந்தத் துறையில் எவ்வளவோ இருக்கிறது, அதுவும் பாடத்தோடு ஒட்டியே இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள் நான்.

1910-இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தாமஸ் ஹன்ட் மார்கன் பால் பாட்டில்களில் வாழைப்பழம் போட்டு பழ ஈ வளர்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஈக்கும் கண் சிவப்பு, ஒன்றுக்கு மட்டும் வெள்ளை. அதற்குக் காரணமான மரபணுவுக்கு ‘வெள்ளை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த மரபணு ஒழுங்காக வேலை செய்தால் கண் சிவப்பு, கெட்டுப்போனால்தான் வெள்ளை! இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், “மிஸ், மாத்தி எழுதிட்டீங்க” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். அங்கேதான் பாடமே ஆரம்பிக்கிறது. ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்பதை, அது பழுதானால் என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் இவர்கள் கண்டுபிடித்தார்கள், அதனால் பெயரும் பழுதின் பெயராகவே அமைந்துவிட்டது.

1976-இல், பழ ஈக்களின் நடத்தையை ஆராய்ந்த சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் ஒரு ஈ கிடைத்தது. குறிப்பிட்ட ஒரு வாசனையோடு ஷாக் கொடுத்தால் மற்ற ஈக்கள் அடுத்த முறை அந்த வாசனையைக் கண்டாலே ஒதுங்கிவிடும், இது மட்டும் எத்தனை பட்டாலும் திருந்தாது. ‘மக்கு’ என்று பெயர் வைத்தார்கள். ஆக, ‘மக்கு’ மரபணு நன்றாக இருந்தால்தான் ஈக்குப் படிப்பு ஏறும் என்று சொன்னதும் வகுப்பில் எழும்பும் சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்தப் பாடம் யாருக்கும் மறப்பதில்லை. இதயமே உருவாகாத ஈயின் மரபணுவுக்குத் ‘தகர மனிதன்’ என்று பெயர், ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ கதையில் இதயம் இல்லாமல் அலையும் தகர மனிதனின் பெயர் அது. கொஞ்சம் சாராய வாடை பட்டதுமே மயங்கி விழும் ஈக்கும் ஒரு பெயர் உண்டு, அதை வகுப்பில் நான் சொல்வதில்லை.

அப்புறம் முள்ளெலி. ஈயின் கரு உடம்பெல்லாம் முள்ளாகத் தெரிந்ததால் அந்த மரபணுவுக்கு வந்த பெயர் அது. முதுகெலும்புள்ள உயிரினங்களில் அதன் உறவு மரபணுக்களைக் கண்டுபிடித்தபோது இரண்டுக்கு நிஜ முள்ளெலிகளின் பெயரை வைத்தார்கள், அதில் ஒன்று இந்திய முள்ளெலி. மூன்றாவதற்கு வீடியோ கேமில் ஓடும் சோனிக் முள்ளெலியின் பெயர். நம் தென் மாவட்டத்து வறண்ட காடுகளிலும் முள்ளெலி உண்டு, பார்த்த பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்பார்கள். ஆனால் இந்த சோனிக் மரபணு பழுதானால் குழந்தையின் மூளை கருவிலேயே இரண்டு பாதியாகச் சரியாகப் பிரியாமல் போகலாம். அந்தத் தாய் தகப்பனிடம் உட்கார்ந்து ஒரு டாக்டர் இந்தப் பெயரை எப்படிச் சொல்வார்? இப்படிப்பட்ட விளையாட்டுப் பெயர்களை டாக்டர்கள் ஆட்சேபித்தது முழுக்க நியாயம். இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கம்ப்யூட்டரில் உட்காரும் பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொன்று: ‘மார்ச்1’ என்று ஒரு மனித மரபணு, எக்செலில் அடித்தால் அது தேதியாக மாறிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இப்படிப் பிழை இருந்ததை 2016-இல் கண்டுபிடித்தார்கள். எக்செல் மாறுகிற வழியாக இல்லை, கடைசியில் மரபணுக்களின் பெயரைத்தான் மாற்றினார்கள், இப்போது அது ‘மார்ச்எஃப்1’. 2020-இல் வந்த பெயர் விதிகளிலேயே இது இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அந்தத் தேதி மாற்றத்தை நிறுத்திவைக்க வழி செய்தது 2023-இல்தான்.

வாரம் ஒரு அரைப் பத்தி போதும், ஐயா. படம் கூடத் தேவையில்லை. வெட்டி எடுத்து வகுப்புச் சுவரில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
கோவில்பட்டி