கழித்தால் கிடைப்பது பயண நேரம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பயணப் பக்கத்தில் அண்மையில் வெளியான அட்டவணையில், சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர் என்று குறித்திருந்தது சரியே. ஆனால் அத்தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, பயண நேரம் 3 மணி 26 நிமிடம் என்று போட்டிருந்தது சரியன்று.

இதே கணக்கைக் கோலாலம்பூருக்குப் போட்டால், ஏறத்தாழ 300 கிலோமீட்டரை 21 நிமிடத்தில் கடந்துவிடலாம் என்று வரும். கால அட்டவணைகளிலோ அதற்கு ஒரு மணி நேரத்தை ஒட்டியே ஒதுக்கியிருப்பார்கள். 850 என்பது விமானம் உயரத்தை எட்டிச் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். வாயிலிலிருந்து நகர்ந்து ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, தரையிறங்க வரிசையில் வட்டமிடுவது ஆகிய அனைத்தையும் சேர்த்து, வாயிலுக்கு வாயில் கணக்கிடுவதே விமான நிறுவனங்களின் வழக்கம். அவ்வகையில் சென்னைக்கு ஆவது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

வகுப்பதைவிட, வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழிப்பது இன்னும் பெரிய பிழை. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமியாரின் பயணச்சீட்டில், புறப்பாடு காலை 8.00, வருகை 9.40 என்று இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை, காலை உணவைச் சென்னையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணிய நாங்கள், மலிவுக் கட்டண விமானத்தில் அவருக்கு உணவுக்குப் பதிவு செய்யவில்லை. வருகை நேரம் இந்திய நேரம் என்பதும், நம் சிங்கப்பூர்க் கடிகாரம் அதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. சீட்டைப் பார்க்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நடுவானில் அவருக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றியபோது, விமானப் பணிப்பெண் ஒருவர் பழச்சாறு கொடுத்துக் காப்பாற்றினார்.

திரும்பி வந்தபோது சீட்டில் இரவு 11.30, காலை 6.10 என்று இருந்தது. கழித்தால் 6 மணி 40 நிமிடம். போனதையும் வந்ததையும் கூட்டிப் பாதியாக்கினால் 4 மணி 10 நிமிடம் என்ற உண்மைக் கணக்குக்கு வந்துவிடலாம். (1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வரை, இந்தியாவுடனான நேர வேறுபாடு சரியாக இரண்டு மணி நேரமாகவே இருந்தது. அந்தக் காலத்துப் பயணிகளுக்குக் கணக்குப் போடுவது எளிதாக இருந்திருக்கும்.)

கூட்டிப் பாதியாக்கும் இந்த முறை லண்டன் போன்ற தொலைதூரப் பயணங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்மட்டக் காற்று முதுகில் தள்ளுவதால், அங்கிருந்து இங்கே வருவதற்கு, போவதைவிடக் குறைவான நேரமே ஆகும்.

எனவே ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்கு முன், அந்த அட்டவணையைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியே குறித்து, பக்கத்திலேயே நேர வேறுபாட்டையும் அச்சிட்டால், மருந்து வேளை பார்த்துச் சாப்பிட வேண்டிய முதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்