பாக்கெட்டைச் சோதிக்க சேலத்தில் ஒரு கருவி: மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையை வாங்கி, வறுத்து அரைத்து, செவ்வாய்ப்பேட்டையில் பாக்கெட் போட்டு விற்கிற சிறு வியாபாரி நான். சில்வர் பாக்கெட்டை விட்டுவிடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லாதவர்கள் இல்லை. விடலாம்தான். அலுமினியத் தாள் ஒட்டிய உறையை மறுசுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை. பழைய பேப்பர்க்காரர்கூடத் தள்ளி வைத்துவிடுகிறார். ஆனால் காப்பிப் பொடிக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. சிக்கரி கலந்த பொடி என்றால் கொஞ்சம் ஈரம் பட்டாலே கட்டிபட்டுப் போகும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது பிளாஸ்மா பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் பிலிம். வெற்றிட அறைக்குள் பிலிம் ஓடிக்கொண்டிருக்கும். சிலிக்கான் சேர்ந்த ஒரு நீர்மத்தை ஆவியாக்கி, ஆக்சிஜனோடு உள்ளே விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். அப்போது உண்டாகும் மின்னேறிய வாயுதான் பிளாஸ்மா. ஆவி உடைந்து, பிலிம்மேல் கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் படியும். கனம் சில பத்து நானோமீட்டர்தான். அடியில் இருக்கும் பன்னிரண்டு மைக்ரான் பாலியெஸ்டர் பிலிமோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்கூட வராது. அதனால் உருக்கி மறுபடி பயன்படுத்த அது பெரிய தடையில்லை. வெறும் பாலியெஸ்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 100 கன சென்டிமீட்டர் ஆக்சிஜன் நுழையும். நல்ல பூச்சு இருந்தால் அது ஒன்றிரண்டாகக் குறையும். உலோகத் தாள் இல்லாததால், ஒட்டிய பாக்கெட்டையே மெட்டல் டிடெக்டரில் விட்டு, அரவை இயந்திரத்தின் இரும்புத் துகள் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எனக்கு இதுவே பெரிய விஷயம்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் வாங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் படலம் அப்பளம் மாதிரி. சில சதவீதம் இழுபட்டாலே விரிசல் விடும், விரிசல் வழியே ஆக்சிஜன் போகும். ரோலோடு வருகிற சான்றிதழில் இருக்கும் எண், தட்டையாக விரித்து வைத்த பிலிமுக்கு உரியது. நாங்கள் அதை மடித்து, மூலையில் சூடு வைத்து ஒட்டி, பெட்டியில் அமுக்கி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக் கடைக்கு அனுப்புகிறோம். மேலே காற்றழுத்தம் குறைவு. சேலத்தில் ஒட்டிய பாக்கெட் அங்கே உப்பி நிற்கும். இத்தனைக்கும் பிறகு அந்த ஒன்று, இரண்டு என்ற எண் மிஞ்சியிருக்கிறதா? அளந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது?

அளக்க வேண்டுமானால் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடத்துக்குப் போக வேண்டும். மாதம் ஒரு மாதிரியை மாற்றிப் பார்க்கிற சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகாது. அப்புறம், பூச்சு பிலிம் விற்பவர்கள் கேட்கிற குறைந்தபட்ச அளவுக்கு எங்களில் ஒருவர் தனியாக ஆர்டர் போடவே முடியாது.

எல்லாப் பண்டத்துக்கும் இது வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஜவ்வரிசிக்குச் சாதாரண பாலித்தீன் உறை போதும். தட்டுவடை செட்டைத் தள்ளுவண்டியில் நின்றே சாப்பிட்டுவிடுகிறோம், அதற்கு உறையே தேவையில்லை. எண்ணெயில் பொரித்த முறுக்கு, மிக்சருக்கு வெளிச்சமும் எதிரி. கண்ணாடியாகத் தெரிகிற பாக்கெட் அழகாக இருக்கும், ஆனால் உள்ளே சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும். அவற்றை விற்பவர்கள் பாக்கெட் முழுக்க அச்சடித்து மறைத்தாக வேண்டும்.

ஆகவே கேட்பது இதுதான். குறு, சிறு தொழில் குழும வளர்ச்சித் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க இடமிருக்கிறது. அதன் கீழ் ஆக்சிஜன் ஊடுருவலை அளக்கும் கருவி ஒன்றையும், பிலிமை முறுக்கிக் கசக்கிப் பார்க்கும் கருவி ஒன்றையும் சேலத்தில் வையுங்கள். ரோலைக் கூட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்ளவும் அங்கேயே ஏற்பாடு வேண்டும். கருவிகள், கூட்டுக் கொள்முதல் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கருவிகள் முதலில் வரட்டும். சோதிக்காத ரோலை மொத்தமாக வாங்குவதைவிடப் பழைய சில்வர் பாக்கெட்டே மேல்.

முதல் சோதனைக்கு முழுக்கொட்டை, தனிப்பொடி, சிக்கரிக் கலவை மூன்றிலும் பாக்கெட் தருகிறேன். பாதியை மலைக்கு அனுப்பித் திரும்ப இறக்கிய பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைக் காப்பிப் பொடி வியாபாரி