எரிபொருள் கூடுதல் கட்டணம் டீசல் போடுகிறவருக்கே சேர வேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்: போக்குவரத்துத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: சரக்கு வாடகையை டீசல் விலையோடு இணைத்து விதி வகுக்கக் கோருதல்

ஐயா, வணக்கம்.

இரண்டு லாரி வைத்திருக்கிறேன். ஒன்றை நானே ஓட்டுகிறேன், இன்னொன்றுக்கு டிரைவர் இருக்கிறார். டீசல் விலையைக் குறைக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. விலை ஏறும்போது வாடிக்கையாளரிடம் வாங்கும் கூடுதல் கட்டணம், டீசல் போடுகிறவர் கைக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

போன மாதம் லோடு இறக்கப் போன இடத்தில் சரக்கு வாங்கியவர் பில்லை நீட்டி, "எரிபொருள் கூடுதல் கட்டணம்னு 12 சதவீதம் போட்டிருக்கீங்க, போன தடவை 8 தானே?" என்று சத்தம் போட்டார். அப்படி ஒரு கட்டணம் பில்லில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த பில்லைப் போட்டது எனக்கு லோடு கொடுத்த ஏஜென்சி, ஆனால் எனக்கு வருட ஆரம்பத்தில் பேசிய அதே வாடகையைத்தான் இன்றுவரை தருகிறது. கேட்டால், கையெழுத்துப் போட்டாச்சே என்கிறார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 600 கிலோமீட்டருக்கு லோடு ஏற்றிப் போனால் என் வண்டி லிட்டருக்கு 4 கொடுக்கும், அதற்கு 150 லிட்டர். ரிட்டன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால் 6 கொடுக்கும், அப்புறம் ஒரு 100 லிட்டர். ஆக 250 லிட்டரும் அந்த ஒரே வாடகைக்குள் அடங்க வேண்டும். வாடகையில் பாதி டீசலுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், டீசல் 20 சதவீதம் ஏறும்போது வாடகை 10 சதவீதம் ஏறினால்தான் பழைய நிலைமையாவது மிஞ்சும். ஏறவில்லையென்றால் அந்தப் பணத்தை வண்டித் தவணையிலோ, டிரைவர் பேட்டாவிலோ, டயரிலோதான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த டயரோடு இன்னும் ஒரு ட்ரிப் போய்விட்டு வரலாம் என்று நினைக்க வைப்பது இந்தக் கணக்குதான், அது ரோட்டில் வருகிற எல்லோருக்கும் ஆபத்து. இதில் பங்க்கில் உடனே காசு கொடுக்க வேண்டும், வாடகை வர இரண்டு மாதம் ஆகிறது.

கப்பல்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டதற்குப் பிறகு பல கன்டெய்னர் கப்பல்கள் வேகத்தைக் குறைத்தன, கப்பலில் வேகம் கொஞ்சம் குறைந்தாலே எரிபொருள் நிறைய மிச்சமாகும். அதற்கு மேல் கப்பல் எரிபொருளுக்கென்று தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள். நாங்கள் மெதுவாகப் போனால் தாமதம் என்று வாடகையில் பிடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாரந்தோறும் சராசரி டீசல் விலையை வெளியிடுகிறது, பல சரக்கு ஒப்பந்தங்களில் கூடுதல் கட்டணத்தை அந்த எண்ணை வைத்தே போடுகிறார்கள். அதே மாதிரி இங்கும் உங்கள் துறை வாரம் ஒரு விலையை வெளியிட வேண்டும். ஒவ்வொரு சரக்கு ஒப்பந்தத்திலும் அடிப்படை டீசல் விலை இவ்வளவு, அதற்கு மேல் ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும் என்று எழுதியே ஆக வேண்டும். இறங்கினால் வாடகையும் இறங்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நடுவில் இருப்பவர் கமிஷனை வாடகையில் எடுத்துக்கொள்ளட்டும், எரிபொருளுக்கென்று வாங்கிய தொகையில் கை வைக்கக் கூடாது. பில்லின் ஒரு நகல் வண்டிக்காரருக்கும் கட்டாயம் வர வேண்டும்.

நான் சொன்ன பில்லின் நகலையும் என் ஒப்பந்தத்தின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கூப்பிட்டால் பங்க் ரசீதுகளோடு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்