சாயாட் சாயாட் வரைக்கும் போயிட்டு வந்தேன்

தம்பி,

போன்ல சொன்னா நீ பதறிடுவ, அதான் எழுதுறேன். கிழக்கு மலேசியாவுல சபா மாநிலத்துக்கு கல்யாணத்துக்குப் போறேன்னு சொன்னது பொய்பா, மன்னிச்சுக்கோ. அம்மா கினபாலு மலை ஏறப் போனேன். ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா புரோகா மலைக்கு ஓடினதெல்லாம் இதுக்குத்தான்.

ஏற ஆரம்பிக்கிற திம்போஹோன் கேட் 1,866 மீட்டர்ல இருக்கு, அங்கருந்து ராத்திரி தங்குற பானாலாபான் 6 கிலோமீட்டர், முழுக்க படி. பத்துமலை 272 படி வருஷா வருஷம் ஏறுற காலுதான், ஆனா இங்க ஒவ்வொரு படியும் முட்டி உயரம், நான் மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், பக்கத்துல போர்ட்டருங்க கேஸ் சிலிண்டர முதுகுல கட்டிக்கிட்டு விறுவிறுன்னு போறாங்க, கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு.

ராத்திரி தூக்கமே இல்ல. 3,272 மீட்டர், தலை வெடிக்குது. ரெண்டரைக்கு ஹெட்லாம்ப் மாட்டிக்கிட்டு கிளம்பி, வழுக்குப் பாறையில கயிறப் புடிச்சு ஏறி, ரெண்டு தடவை வாந்தி எடுத்து, சாயாட் சாயாட் செக்பாயிண்ட் வந்து சேர்ந்தேன். 3,668 மீட்டர். கைடு உன் வயசு பொண்ணு, அந்த ஊர் டூசுன் இனத்துப் பொண்ணு, என் மூஞ்சிய பார்த்து "மாக்சிக், பெனிங்?"னு, அதான் ஆன்ட்டி, தலை சுத்துதான்னு மலாய்ல கேட்டுச்சு. ஆமான்னேன். இறங்கிடலாம்னு சொல்லிடுச்சு.

உச்சி இன்னும் 427 மீட்டர் உயரம்தான்பா. அங்கயே உக்காந்து அழுதேன். ஆனா எதிர்த்துப் பேச வாய் வரல, 2015 ஜூன் 5 நிலநடுக்கத்துல 18 பேர் போனாங்களே, நீ இருக்கிற சிங்கப்பூர் பிள்ளைங்க, கூடப் போன கைடுங்க எல்லாம் அதுல இருந்தாங்க, அந்த மலையிலயே பொறந்து வளர்ந்தவங்க வேணாம்னா வேணாம்தான்.

வழியில இருக்கிற லயாங் லயாங் தாண்டி இறங்கினதும் தலைவலி போன இடம் தெரியல. அப்பதான் புரிஞ்சுது, காலுல குறை இல்ல, முதல் நாள் பிளேன்ல வந்து மறுநாளே ஏறினதுதான் தப்பு. புரோகா 400 மீட்டர்தானே, அது காலுக்குத்தான் பழக்கம், உயரத்துக்கு இல்ல. அடுத்த தடவை பார்க் ஹெட்குவார்ட்டர்ஸ்ல, 1,500 மீட்டர் இருக்கும், அங்க ரெண்டு ராத்திரி தங்கிட்டுத்தான் ஏறணும்.

அடுத்த தடவை உன்கூடப் போகணும்பா. மேல கட்டில் கொஞ்சம்தான், பல மாசம் முன்னாடியே புக் பண்ணணும். உனக்கு எப்ப லீவு கிடைக்கும்னு கேட்டுச் சொல்லு.

அம்மா